கூவிய பெட்டை

முதலில் அதை இருமல் என்றுதான் நினைத்தேன்.

அடி அண்ணாமலையில், உண்ணாமலை வீட்டுக் கொல்லை. கிழக்கே மலை மறைப்பதால் அந்த ஊருக்குக் காலை வெயில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அப்போதுதான் எருக்குழியின் விளிம்பில் வெளிச்சம் விழுந்திருந்தது. அங்கே ஐந்து சிவப்புக் கோழிகள் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்கு முன்பு நான் என் கையால் கொடுத்தவை.

ஒன்று மட்டும் சீய்ப்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டியது. தொண்டையில் முள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு. மறுபடியும் அதே சத்தம், இந்தத் தடவை கடைசியில் ஓர் இழுப்போடு. சந்தேகமே இல்லை. அது கூவியது.

உண்ணாமலை சாணிக்கூடையை இறக்கி வைத்தாள். நாற்பது வயதுக்காரி; எங்கள் மாதர் சங்கத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள். கோழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

நான் சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

"பொட்டன்னு சொல்லித்தானே குட்த்தே? பொட்ட கூவுமா?"

ஐம்பது குஞ்சுகள்

கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வேலை திருவண்ணாமலை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில். வெள்ளைப் புடவையும் சைக்கிளுமாக நாங்கள் ஊருக்குள் நுழைந்தால், எதையோ பிடுங்கிக்கொண்டு போக வந்தவர்கள்போலப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் கோழித் திட்டம் வந்தது. நாட்டுக்கோழி முட்டை கம்மியாக இடும், சீமைச் சிவப்புக் கோழி ஜாஸ்தி இடும், ஆகவே பெண்களுக்குச் சிவப்புப் பெட்டைக் குஞ்சுகளைக் கொடுங்கள் என்று உத்தரவு. அதோடு ஒரு நிபந்தனை. கலப்பு வந்துவிடக் கூடாது என்பதால், குஞ்சு வாங்குகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாட்டுக்கோழிகளை ஒழித்துவிட வேண்டும்.

ஒன்பது பெண்களை அதற்குச் சம்மதிக்க வைத்தது நான்தான். உண்ணாமலை தன்னுடைய ஏழு கோழிகளையும் சந்தையில் விற்றுவிட்டு வந்து, காலிக் கூண்டை என்னிடம் காட்டினாள். அந்தக் கூண்டின் முன்னால் நின்று, "ஆறு மாசத்துல முட்டையா கொட்டும் பாருங்க" என்று நான் சொன்னேன். சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஐம்பது, ஓர் அரசுப் பண்ணையிலிருந்து அட்டைப் பெட்டியில் ரயிலில் வந்தன. பெட்டி மேல் பெட்டை என்று மையால் எழுதியிருந்தது. ஊர்ப் பொதுக்கட்டடத்து அறையில் தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, நடுவில் லாந்தரைத் தொங்கவிட்டு வளர்த்தேன். குளிரெடுத்தால் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சூடு அதிகமானால் தகர ஓரம் போய் அலகைத் திறந்து இளைக்கும். கேழ்வரகு நொய், கடலைப் புண்ணாக்கு, பொடித்த கருவாடு. ஆறு வாரத்தில் ஐந்து குஞ்சுகள் செத்தன. மீதியை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தேன்.

இங்கே வீட்டுக்கார மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டவுனில் கோயிலை ஒட்டிய தெருவில், ஒரு குருக்கள் வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். மாமிக்கு மூக்கு கூர்மை.

"ஏண்டி, உன் புடவையில என்னமோ வாசனை வரதே?"

"புண்ணாக்கு மாமி."

"மாட்டுக்கா?"

"ஆமாம் மாமி."

ஆறு வாரமும் இதே பொய். கிணற்றடியில் என் புடவையை மட்டும் தனிக் கொடியில் காயப்போடச் சொன்னாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

யார் மாற்றியது

உண்ணாமலை வீட்டில் ஒன்று கூவிய அன்றே ஒன்பது வீடுகளுக்கும் போனேன். சீமைக் கோழியில் சேவலுக்குக் கொண்டை சீக்கிரம் சிவக்கும், கால் தடிக்கும், முதுகில் இறகு முளைக்கத் தாமதமாகும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஆறு வாரமும் பெட்டை என்றே நம்பிப் பார்த்ததால் எனக்கு அவை எல்லாமே பெட்டையாகத் தெரிந்திருக்கின்றன. இப்போது சேவலைத் தேடிப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் இருபத்து மூன்று சேவல்.

கீழ்பென்னாத்தூரில் என் அம்மா அடைக்கு வைக்கும்போதே முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். கூர் முனை என்றால் சேவல், உருண்டை என்றால் பெட்டை. பொரித்த பிறகு குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவாள். தலையை நிமிர்த்தினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல். அவள் சொன்னதில் பாதி தப்பாகப் போகும். தப்பான ஒவ்வொரு தடவையும், பக்கத்து வீட்டுக்காரி முட்டையை மாற்றி வைத்துவிட்டாள் என்பாள். தன் கண் தவறும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் குணம் எனக்கும் வந்திருந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பொதுக்குழாயடியில் நான் சைக்கிளை நிறுத்தினால் சத்தம் அடங்கும். உண்ணாமலைதான் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"பொட்டைங்க எல்லாம் ஆபீசருங்க ஊட்டுக்குப் போயிடுச்சாமே? எங்களுக்குச் சேவலைத் தள்ளிட்டியாமே?"

"யாருங்க சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? போச்சா இல்லியா?"

டவுன் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பேச்சு. மாமி ஒருநாள் வாசலை மறித்தாள். "ஆபீஸ்ல ஏதோ கோழி கேஸாமே? நீயா அது?" என்றாள். அந்த மாசத்தோடு அறையைக் காலி செய்யச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என் அறைப்பக்கக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் தினமும் கேட்டது.

பெட்டியை யாரோ மாற்றியிருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து ஓர் இடத்தில் வந்து நின்றேன். குஞ்சுப் பெட்டி ரயிலில் வந்த அன்று நான் வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும் பஸ் நின்றுபோயிற்று. ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியை வாங்கியவர் ஏழுமலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டி அவர் வீட்டில் இருந்தது.

ஏழுமலை எங்கள் அலுவலகத்தின் கால்நடை உதவியாளர். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போடுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அன்று பெட்டியைக் கொடுக்கும்போதுகூட, "பசியா கத்துதுங்க தங்கச்சி. வெல்லத் தண்ணி காட்டியிருக்கேன்" என்றார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. பெட்டியைத் திறந்திருக்கிறார் அல்லவா?

காபி

அவர் இல்லாத வேளை பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு ரிஜிஸ்டர் கேட்பதுபோல. அவர் மனைவி பச்சையம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. வாங்கம்மா என்று ஸ்டூலை எடுத்துப் போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் காபி போட உள்ளே போனாள்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. மூங்கில் கூண்டில் சிவப்புக் கோழிகள். என் குஞ்சுகளின் வயதுதான். காபி டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு எண்ணினேன். பதினாலு. ஒன்றில்கூடக் கொண்டை சிவக்கவில்லை. பதினாலும் பெட்டை.

"நல்லா வளந்திருக்குங்களே" என்றேன்.

"அவுரு கைராசிம்மா" என்றாள் பச்சையம்மா.

எங்கே வாங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று நினைத்தேன். காபியை முழுக்கக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒரு பக்கக் கடிதம் எழுதி எங்கள் வட்டார ஆபீசரிடம் கொடுத்தேன். யாரையும் திருடன் என்று எழுதவில்லை. பெட்டி இன்னாரிடம் அரை நாள் இருந்தது, இன்னார் வீட்டில் அதே வயதில் பெட்டைகள் இருக்கின்றன, சந்தேகத்துக்கு இடமிருக்கிறது என்று மட்டும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை அடித்துத் திருத்தியதும் ஞாபகம் இருக்கிறது. நியாயமாக எழுதுகிறேன் என்று எனக்கே ஒரு திருப்தி. உண்மையில் என் மேல் ஏறியிருந்த சுமையை இன்னொருவர் தலைக்கு மாற்ற எனக்கு அவசரம். அவ்வளவுதான்.

அடி அண்ணாமலைக்குப் போய் அதை வாயாலும் சொன்னேன். "பெட்டி ஏழுமலை சார் வீட்லதாங்க இருந்துச்சு" என்று உண்ணாமலையிடம் சொன்னபோது, அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. அடுத்த வாரம் குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஏழுமலையை ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். வண்டி போகாத இடம். மருந்துப் பெட்டிச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "வரேங்க, சேவிகாம்மா" என்றார். தங்கச்சி போய்விட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சவ்வில் ஒரு துளை

இரண்டு மாதம் கழித்து அலுவலக வளாகத்தில் ஒரு பயிற்சி முகாம். குஞ்சு அனுப்பிய அதே பண்ணையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். பிறந்த குஞ்சை ஆண் பெண் பிரிப்பதுதான் அவர் வேலை.

பளிச்சென்ற பல்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். குஞ்சை இடது உள்ளங்கையில் கவிழ்த்து, கட்டை விரலால் அடிவயிற்றை மெதுவாக அழுத்தி எச்சத்தை வெளியேற்றினார். பிறகு வால் அடியில் இருந்த துவாரத்தை இரண்டு விரலால் விரித்தார். "இதோ, கடுகுல பாதி இருக்கு பாருங்க, மொட்டு மாதிரி. இது சேவல்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஈரமாக ஏதோ தெரிந்தது. அவர் அதற்குள் ஐந்தாறு குஞ்சுகளைப் பிரித்து முடித்திருந்தார்.

"எங்களுக்கு வந்தது பாதிக்குப் பாதி சேவலா இருந்துச்சுங்களே" என்றேன்.

எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நான் லீவுலம்மா. அம்மை போட்டிருந்துச்சு. பிரிக்காமயே பெட்டியில போட்டு எழுதி அனுப்பிட்டாங்க போல."

"வழியில யாராவது மாத்தியிருந்தா?"

"அது சுலபமா தெரிஞ்சிடும்மா. எங்க குஞ்சுன்னா இடது கால்ல, விரலுக்கு நடுவுல இருக்கிற சவ்வுல ஒரு துளை போட்டுத்தான் அனுப்புவோம்."

அந்தத் துளைகளை நான் பார்த்திருக்கிறேன். வந்த முதல் வாரத்தில் எலி கடித்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு குஞ்சின் காலிலும் மஞ்சள் பற்றுப் போட்டேன். ஐம்பதுக்கும் போட்டேன்.

மதியமே சைக்கிளை எடுத்தேன். உண்ணாமலை சேவல்களில் ஒன்றை விற்காமல் வைத்திருந்தாள். இருவருமாகக் கொல்லை முழுக்கத் துரத்திப் பிடித்தோம். இடது கால் சவ்வில் துளை. இன்னும் நாலு வீடு போனேன். சேவல், பெட்டை எல்லாவற்றுக்கும் துளை.

"அப்ப அந்தாளு மாத்தலியா?" என்றாள் உண்ணாமலை.

"இல்லீங்க."

அவள் சேவலைக் கீழே விட்டாள். "நாங்க ஊரு பூரா சொல்லிட்டோமேம்மா."

பச்சையம்மா

அங்கிருந்து நேராக ஏழுமலை வீடு. உள்ளே தூளியில் பச்சையம்மாவின் கைக்குழந்தை. பிரசவ சமயத்தில் அவர் மலையில் இருந்திருக்கிறார். செய்தி போய்ச் சேர்ந்து அவர் இறங்கி வர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

"கோழியோட காலைப் பாக்கணும்" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அவள் கூண்டைத் திறந்து ஒரு பெட்டையை எடுத்து, காலை என் முகத்துக்கு நேராக விரித்தாள். சவ்வு முழுசாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் முழுசு. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது, போதும் என்றேன்.

"எங்க ஊட்டு முட்டைம்மா. எங்க சேவலுக்குப் பொறந்தது. நாட்டுக்கோழிய அடைக்கு வெச்சுப் பொரிச்சது."

"எல்லாமே பெட்டையா இருந்துச்சே..."

"கொண்டை செவந்தா அந்த வாரமே சந்தைக்குப் போயிடும். சேவலை வெச்சிக்கினு இன்னா பண்றது?" கோழியை உள்ளே விட்டுக் கூண்டைச் சாத்தினாள். "அன்னிக்கு நீங்க காபி குடிக்கசொல்லோ எண்ணினீங்க. உதடு அசையறதப் பாத்துக்கினே இருந்தேன். ஆசையா பாக்கறீங்கன்னு நெனச்சேன். ரெண்டு குடுத்து அனுப்பலாம்னு அவருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வேலூருக்கு ஒரு சேவல்

ஆபீசரிடம் இன்னொரு கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "போனது போச்சும்மா. இப்ப இதை அனுப்பினா, விசாரிக்காம எழுதினோம்னு நம்ம ஆபீஸ் மேலதான் வரும். விட்டுடு."

விட முடியவில்லை. ஒரு சனிக்கிழமை உண்ணாமலையிடம் அந்தச் சேவலைக் கேட்டு வாங்கினேன். கூடையில் வைத்து வலை கட்டி வேலூர் பஸ் ஏறினேன். மாவட்ட அலுவலகத்தில் பெரியவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வராந்தாவில் அது மூன்று தடவை கூவியது. பியூன் வந்து, "ஆபீஸ்மா இது" என்றார். நான்காவது கூவலுக்கு உள்ளேயிருந்தே கூப்பிட்டார்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சேவலின் காலைப் பார்த்தார். பிறகு என் பழைய கடிதம் இருந்த ஃபைலை எடுத்துவரச் சொன்னார். அதில் இப்போது சிவப்பு மையில் யாரோ நிறைய எழுதியிருந்தார்கள். நான் எழுதிய சந்தேகம், பக்கங்கள் தாண்டித் தாண்டி, கடைசியில் குற்றம் என்று ஆகியிருந்தது.

"இது தப்புன்னு எழுதிக் குடுத்தா, நடவடிக்கை உங்க மேல வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சேவல் காலடியில் கூடையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, பதிவேட்டிலும் ஏறியது. ஏழுமலை நாலு மாதம் கழித்துத் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தார். அடி அண்ணாமலையில் மாதர் சங்கத்தைக் கூட்டி, பெட்டி மாறவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் அதற்கப்புறமும் அந்த ஊரில் அவர் தடுப்பூசி போடப் போனால், பெண்கள் அவர் வருவதற்கு முன்னும் போன பின்னும் கோழிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். நானே பார்த்தேன்.

அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மேலும் நாலு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். ஒரே ஒரு வித்தியாசம். சின்னதாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டார். என்னிடம் எதைக் கொடுத்தாலும் அதில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். மருந்துப் புட்டி, ஊசி, ஒரு தரம் தீப்பெட்டி. நான் மறுக்காமல் போட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஓலைப்பெட்டியில் உமி போட்டு ஒரு டஜன் முட்டை. பச்சையம்மா கொடுத்தனுப்பியதா என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியாது" என்றார்.

சிரிக்கவைக்கலாம் என்று, "இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"போட்டுடுங்க."